செம்பாறைக்கொட்டாயில் இறக்காத கொடி

2022ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியிலிருந்து செம்பாறைக்கொட்டாய் ஜனங்கள் எந்த ஊரில் போய்ப் படுத்தாலும் செம்பாறைக்கொட்டாயில்தான் கண் விழித்தார்கள். ஓசூரில் படுத்தவன் இங்கே விழித்தான். திருப்பூரில் படுத்தவளும் இங்கேதான் விழித்தாள். போகிறதை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருக்கிறவர் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் இடம் காலியாகிவிடும், தலையணையில் பள்ளம் மட்டும் இருக்கும். அதே வருஷம் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்துப்போய் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டினார்கள். பென்னாகரம் ரோட்டில் புதிதாக இரண்டு பேக்கரி வந்தது. இதில் எது பெரிய விஷயம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காரணம் ஒரு கொடி. நாட்டின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குத் திட்டம் போட மாநில அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்திருந்தது. ஆணையம் என்பது வேறொன்றுமில்லை, விழா எடுப்பதற்கு முன்னால் விழாவைப் பற்றிப் பேசித் தீர்க்கிற கூட்டம். அதன் துணைச் செயலாளர் மாதவராஜ், ஒகேனக்கல் போகிற ரோட்டில் இருக்கிற இந்த ஊருக்கு மூன்று காரில் ஆட்களோடு வந்து இறங்கி, கம்பம் நட்டு விழாக்கொடி ஏற்றி ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். அது தேசியக்கொடி அல்ல. ஆணையம் தனக்கென்று தைத்துக்கொண்ட கொடி, வெளிர்நீலத் துணியில் மஞ்சள் நூலால் எழுபத்தைந்து என்று போட்டிருக்கும். ஊர்க்கவுண்டர் நஞ்சப்பனுக்கு விஷயம் பிடிபடவில்லை.

"ஒத்திகைன்னா என்னாங்க?"

"சும்மா ஒரு தடவ ஏத்திப் பாக்கறது பெரியவரே. நெஜ விழா அப்புறம்."

"கொடிய எப்படிங்க சும்மா ஏத்தறது? தாலிய யாராச்சும் சும்மா கட்டிப் பாப்பாங்களா?"

மாதவராஜ் சிரித்தார். ஒகேனக்கலில் அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் மீன் வறுக்கச் சொல்லியிருந்தது, ஆறுவதற்குள் போக வேண்டும். உங்கள் வழக்கப்படியே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் தப்பு. செம்பாறைக்கொட்டாயில் பாதி வீடு மாரியம்மனுக்கு, பாதி வீடு அந்தோணியாருக்கு. எந்தச் சாமிக்குக் கொடி ஏறினாலும் இரண்டு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றுதான்: கொடி ஏறும்போது ஊருக்குள் இருக்கிற ஊர்க்காரர்களும், வெளியாட்களில் காப்புக் கட்டிக்கொண்டவர்களும், விழா முடிந்து கொடி இறங்கும் வரைக்கும் வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் சந்தைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், படுக்கைக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒருத்தரும் மீறியதில்லை. அதனால் மீறினால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நஞ்சப்பன் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றைக் கம்பத்துக்கு ஒன்றும் மாதவராஜ் மணிக்கட்டுக்கு ஒன்றுமாகக் கட்டினார். தக்காளி விவசாயி கஸ்பார் அந்தோணியார் கோயிலிலிருந்து மந்திரித்த தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார். சர்க்காருக்குச் சாமி எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு கட்டும் போட்டு வைத்தார்கள். மாதவராஜ் கயிற்றை இழுத்தார், கொடி ஏறியது, ஜனங்கள் கை தட்டினார்கள், கார்கள் மீனுக்குப் போயின. விழா தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்று பிறகு பேப்பரில் வந்தது. கொடியை யாரும் ஒத்திவைக்கவில்லை.

முதலில் அகப்பட்டவன் லாரி டிரைவர் ஜோசப் ராஜ். தொப்பூர் கணவாயில் லாரியை ஓரங்கட்டி, பரோட்டா தின்று, சீட்டில் கால் நீட்டியவன் தன் வீட்டுப் பாயில் எழுந்தான். லாரி தொப்பூரிலேயே நின்றது. சாவி மட்டும் மூடிய கைக்குள் இருந்தது. பஸ் பிடித்துப் போய் லாரியை எடுப்பான். அடுத்த தூக்கத்தில் அது வேறொரு ஊரில் அனாதையாக நிற்கும். கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற சின்ன வண்டியை ஓட்டப் போனான். அவனால் ஊருக்கு ஒன்று தெரிந்தது. கையில் பிடித்திருப்பது கூட வரும், பிடி விட்டால் வராது.

ஒரு நாள் காலையில் கொடிக்கம்பத்துக்கு அடியில் பனியனும் லுங்கியுமாக மாதவராஜ் எழுந்து உட்கார்ந்தார். அவர் படுத்தது சென்னையில், தன் வீட்டுக் கட்டிலில். வாசலுக்குச் சாணி தெளிக்க வந்த ராயம்மாள், கஸ்பாரின் மனைவி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வூட்ல சண்டைங்களா சார்?"

"இது எந்த ஊரும்மா?"

"நீங்க கொடி ஏத்துன ஊருதாங்க. டீ குடிக்கறீங்களா, மொதல்ல மூஞ்சி கழுவறீங்களா?"

டீ குடித்தார். கஸ்பாரின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சென்னை போய்ப் படுத்தார், கம்பத்தடியில் எழுந்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆன பிறகு இவர் இப்படி ஆவார் என்று எதிர்பார்த்தேன், முன்னாலேயே ஆகிவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னாளாம். பனியில் மனுஷன் கிடக்கிறானே என்று ஊர் பள்ளிக்கூடத்துப் பழைய சத்துணவு அறையை ஒழித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு கம்பத்தடியை விட்டு அந்த அறையில் விழித்தார்.

இதெல்லாம் ஊர் தாங்கிக்கொள்ளக் கூடியது. தாங்க முடியாதது கஸ்பார் வீட்டில் நடந்தது. மகள் மோனிஷாவை அந்த வைகாசியில்தான் ஓசூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அந்தோணி பிரகாஷுக்குக் கம்பெனி வேலை, வீட்டில் அவனும் அவன் தாய் சவரியம்மாளும் மட்டும். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது அந்தோணியாரைக் கும்பிடுகிற வேதக்காரர்களிடமும் விட்டுப்போகாத வழக்கம். அழைத்து வந்தார்கள், ஆடி முடிவதற்குள் கொடி ஏறிவிட்டது. ஜோசப் ராஜ் குடித்துவிட்டு உளறுகிறான் என்று எல்லாரையும் போல கஸ்பாரும் நினைத்து, ஆவணியில் மகளை அனுப்பி வைத்தார். அவள் அங்கே சோறாக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி, புருஷன் பக்கத்தில் படுத்து, விடிந்தபோது தாயின் பக்கத்தில் எழுந்தாள். பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுபடி வந்தாள். சவரியம்மாள் போனில் பேசியது தெருவுக்கே கேட்டது.

"ஆடிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, ஐப்பசி வந்துடுச்சு. ஒங்க பொண்ணு பகல்ல மருமக, ராத்திரியில மகளா? எந்த ஊரு வழக்கம் சம்பந்தி இது?"

"எங்க ஊரு வழக்கந்தாங்க சம்பந்தி" என்றார் கஸ்பார். "நாங்களா போயி கூட்டியாரோம்? அதா வருது."

கையில் பிடித்தால் கூட வரும் என்பதால் மோனிஷா புருஷன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் பார்த்தாள். சில நாள் அவன் வந்தான். சில நாள் அவன் கைக்கடிகாரம் மட்டும் வந்தது. ஒரு நாள் சட்டையின் ஒரு கை மட்டும், தோள்பட்டையில் கிழிந்து வந்தது. வந்த நாட்களில் மாமனார் வீட்டில் விழிப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பெனியில் வீட்டோடு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். இனிமேல் பிடிக்காதே என்றான். அவள் பிடிக்கவில்லை. அடுத்த பங்குனியில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. ராயம்மாள் சந்தோஷப்பட்டாள், பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் பிள்ளை கூடவே வரும். பிறந்த பிறகு அது, கொடி ஏறும்போது ஊரில் இல்லாத உயிர். தாய் ஓரிடத்தில் விழிப்பாள், பிள்ளை ஓரிடத்தில் விழிக்கும்.

கஸ்பார் நஞ்சப்பனிடம் போனார்.

"கொடிய எறக்கிடலாம் கவுண்டரே. எம் பொண்ணு பொழப்பு போவுது."

"விழா நடக்காம எறக்கறதா? யாரு பேருல ஏறுச்சோ அவங்க விழா எடுக்கணும், அப்புறந்தான் எறக்கணும். அவங்களப் போயி கேளு."

கேட்க அவர்கள் இல்லை. மாதவராஜ் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டிருந்தார். அதற்குள் ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள், அவருக்கும் ஓய்வு வந்துவிட்டது. நாற்காலிகள் வேறொரு ஆணையத்துக்குப் போயின. காகிதங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி சென்னையில் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தான் ஒத்திகைப் பிரிவு மட்டும்தான், விழாப் பிரிவு வேறு ஆள் என்றார் மாதவராஜ். செம்பாறைக்கொட்டாய்க்கு என்ன விழா என்று அந்தக் காகிதத்தில் கட்டாயம் இருக்கும். தெரிந்தால் அதை ஊரே எடுத்து முடித்துவிடலாம், அரசாங்கம் எழுதியது அரசாங்கம் எடுத்த மாதிரிதான் என்றார். நஞ்சப்பனும் அதை ஒத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று மாதவராஜ் கிளம்பியபோது கஸ்பார் தடுத்தார். ஆபீசரை நம்பி ஒரு தடவை கெட்டது போதும் என்பது அவர் கட்சி.

கஸ்பாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், சென்னை போகத் தெரியும், பஸ்ஸில் தூங்காமல் இருக்கத்தான் தெரியாது. முதல் தடவை கிருஷ்ணகிரி தாண்டியதும் கண்ணசந்து தன் வீட்டில் எழுந்தார். அடுத்த தடவை வாணியம்பாடி வரை போனார். அதற்கடுத்த தடவை ஆம்பூர். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பினால் சீட்டில் துண்டு மட்டும் கிடக்கும். கடைசியில் மடி நிறையப் பச்சைமிளகாய் கட்டிக்கொண்டு, ஊருக்கு ஒன்றாகக் கடித்து, கண்ணும் மூக்கும் ஒழுகச் சென்னை போய்ச் சேர்ந்தார்.

காப்பகத்தில் பூவிழி என்கிற பெண் இருந்தாள். மரியாதை தெரிந்த பெண். ஒரு நேரத்தில் ஒரு கட்டுதான் தருவேன், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லி, பேரும் போன் நம்பரும் எழுதி வாங்கி, விழாக் கட்டை மேஜையில் வைத்து, குடிக்கத் தண்ணீரும் வைத்தாள். கஸ்பார் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நடக்காத விழா முழுக்க அதற்குள் இருந்தது. பந்தல் துணிக்கு எந்த நிறம், யானை எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், புறா பறக்கவிடும்போது நாதஸ்வரம் நிறுத்த வேண்டுமா வேண்டாமா, காவிரித் தண்ணீர்க் குடங்களை எந்தப் பெண்கள் தூக்க வேண்டும், மழை வந்தால் குடை எத்தனை, வராவிட்டால் அந்தக் குடைகளை என்ன செய்வது. படிக்கப் படிக்க அவருக்கு எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்கிற மாதிரி இருந்தது. நீலப் பந்தலுக்குக் கீழே ஆள் இல்லாத நாற்காலிகள் வரிசையாகக் காற்று வாங்கின. புறாக்கள் கூண்டுக்குள் அனுமதிக்குக் காத்திருந்தன. மின்விசிறி சுற்றியது. மிளகாய் தீர்ந்து நேரமாகியிருந்தது. பூவிழி முத்திரை ஒன்றை எடுத்து மைபோட்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலி. மேஜையில் கட்டும் இல்லை.

கஸ்பார் தன் வீட்டுப் பாயில், மார்பில் கட்டை அணைத்தபடி எழுந்தார். போன் அடித்தது.

"ஐயா, பூவிழி பேசறேன். கட்டு உங்ககிட்டயா இருக்கு?"

"இருக்குதும்மா. நான் எடுக்கல, அதா வந்துச்சு."

"சரிங்க. தண்ணி படாம பாத்துக்கங்க."

கொடிக்கம்பத்தடியில் ஊர் கூடியது. மாதவராஜ் உட்கார்ந்து கட்டைப் பிரித்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் சத்தமாகப் படித்தார். பொழுது சாய்ந்தது. செம்பாறைக்கொட்டாய் என்ற பேர் அதில் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஒத்திகை நடைபெற்றது, திருப்திகரம், மதிய உணவு ஒகேனக்கல். விழா நடக்க வேண்டிய ஊர்களில் இந்த ஊர் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. நஞ்சப்பன் கொடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"அப்ப நமக்கு விழாவே வெக்கலீங்களா?"

"இல்லீங்க."

"வெக்காத விழாவ எப்படி முடிக்கறது?"

முடிகிற விழா இல்லாததால் இறங்குகிற கொடியும் இல்லை என்று ஆகிவிட்டது. ராயம்மாள் மட்டும் மாதவராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"மீன் நல்லா இருந்துச்சுங்களா சார்?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் மாதவராஜ். பொய் சொல்லப் பழகியவர்தான், அன்றைக்குச் சொல்லவில்லை.

கார்த்திகையில் மோனிஷாவுக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தூங்கக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தாள், தூங்கினாலும் பிடி விடாமல் இருக்க குழந்தையைச் சேலையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தாள். குழந்தைக்கு மஞ்சள் பூத்திருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று நர்ஸ் முடிச்சை அவிழ்த்து எடுத்துப் போனாள். கொஞ்சம் கண்ணை மூடும்மா என்றும் சொல்லிவிட்டுப் போனாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். மோனிஷா கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே அப்பன் வீட்டு ஓடு இருந்தது. கை மட்டும் குழந்தையைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. பச்சை உடம்போடு, ரவிக்கை நனைய, முதல் பஸ்ஸுக்குப் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் சவரியம்மாள் அழுகிற பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் மருமகளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மோனிஷாவுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய நாளில் எல்லாரும் செம்பாறைக்கொட்டாய்க்கு வந்தார்கள். சவரியம்மாள் குழந்தையைக் கீழே விடாமல், கஸ்பார் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"பேத்தி எங்ககூட ஓசூருக்கு வருது சம்பந்தி. ராத்திரி பூரா பக்கத்துல இருக்க முடியாத தாய நம்பி விட முடியாது. ஒங்க பொண்ணு பகல்ல வந்து பாலு குடுத்துட்டுப் போவட்டும்."

கஸ்பார் மகளைப் பார்த்தார். மோனிஷா அழவில்லை. மாமியார் கையிலிருந்து குழந்தையை வாங்கவும் இல்லை. நஞ்சப்பன் வீட்டுக்கு நடந்துபோய், அவர் கொடுத்த காப்புக் கயிறுகளோடு கம்பத்தடிக்கு வந்து நின்று, குழந்தையைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எம் பேத்தியயும் கட்டிப் போடப் பாக்கறியா?" என்றாள் சவரியம்மாள். "நாளைக்கு அது படிக்கப் போவணும், கட்டிக்கிட்டுப் போவணும். எங்க போனாலும் இந்தக் கொட்டாய்லயே முழிக்கணுமா?"

"கட்டுனா இங்க முழிக்கும், அத்த. கட்டலீன்னா நான் இல்லாம முழிக்கும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

சவரியம்மாள் துணியை விலக்கிக் குழந்தையின் கையை வெளியே எடுத்தாள். கொடி ஏறிய பிறகு காப்புக் கட்டுவதென்றால் ஏற்றிய கைதான் கட்ட வேண்டும் என்பது வழக்கம்; மாதவராஜ் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குத் தனக்கு ஆர்டர் எதுவும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். ஏற்றும்போது இருந்ததா என்று கேட்டார் நஞ்சப்பன். மாதவராஜ் குழந்தையின் மணிக்கட்டில், பூ கட்டுகிற மாதிரி, தளர்வாகக் கட்டினார். கஸ்பார் தீர்த்தம் தெளித்தார். குழந்தை தும்மியது. அதுவரைக்கும் ஒதுங்கி நின்றிருந்த அந்தோணி பிரகாஷ் முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றிக் கையை நீட்டினான். கட்டினார்கள். அவனைப் பெற்றவள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பேத்தியின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"நீங்க மூணு பேரும் இங்க வந்துட்டா, விடிஞ்சா நான் மட்டும் அங்க சுவரப் பாத்துட்டுக் கெடக்கறதா?" என்று வளையலை மேலே தள்ளிவிட்டாள். "எனக்கும் ஒண்ணு கட்டுங்க சார். இறுக்கிக் கட்டாதீங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு."

காகிதக் கட்டை மாதவராஜே சென்னைக்குக் கொண்டுபோய், கண்ணசராமல் பூவிழி கையில் கொடுத்துவிட்டு வந்தார். காப்பகத்தில் அது இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மாதவராஜ் நாலு ஆடு வளர்க்கிறார். அந்தோணி பிரகாஷ் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் இங்கிருந்து பஸ் ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். சவரியம்மாளும் மோனிஷாவும் குழந்தையோடு மத்தியானப் பஸ்ஸில் ஓசூர் போகிறார்கள். வீட்டைக் கூட்டி, விளக்குப் போட்டு, சோறாக்கி, அவன் வந்ததும் தின்றுவிட்டு நாலு பேரும் படுக்கிறார்கள். எதற்கு இந்த அலைச்சல், இங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பெண் கொடுத்த இடத்தில் சம்பந்தி குடும்பம் போய்ப் படுக்குமா என்று சவரியம்மாள் திருப்பிக் கேட்டாள். அவர்கள் படுப்பது சொந்த வீட்டில்தான். விழிப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

சில நாள் போகிற வழியில், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், பஸ் ஆட்டத்துக்குக் குழந்தை கண்ணசந்துவிடும். மடி லேசாகிவிடும். மோனிஷா பதறுவதில்லை. பக்கத்துச் சீட்டில் இருக்கிற மாமியாரிடம் பையைக் கொடுத்துவிட்டு அவளும் கண்ணை மூடிக்கொள்கிறாள். கண்டக்டர் அந்த இடத்தில் நிற்கிறவர்களை உட்காரச் சொல்கிறான். செம்பாறைக்கொட்டாயில் ராயம்மாள் தொட்டிலை எப்போதும் கட்டியே வைத்திருக்கிறாள்.